ஊசி அசையாத முகம்

நெய்வேலி,
14.6.1998

அன்புள்ள மார்த்தாளுக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நான் நலம் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை அப்படியே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த அம்மா போய்விட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையை எடுத்துக்கொண்டு பண்ருட்டி பஸ்ஸில் ஏறிவிட்டதாக ஆரோன் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். பெற்ற தாய் போனதுபோல எதற்கு அழுகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

நேற்று நீ மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து போன் பேசினாய். "என்னங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். மார்ச் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நேற்றுத்தான் முதல் தடவையாக ஒரு ஆள் என்னோடு பேசியதுபோல இருந்தது. நீ போனை வைத்தபிறகும் காதில் ரிசீவரை வைத்தபடி நின்றிருந்தேன். இத்தனை நாளும் தங்கை எவாஞ்சலின் வீட்டில்தான் இருந்தாயா? ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அந்த அம்மாவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பார்த்தால் நீயே ஏமாந்துபோவாய். உன் உயரம். உன் மூக்குக்கண்ணாடி. தாடையில் உன் மச்சம் இருக்கும் அதே இடத்தில் மச்சம். சாம்பாரில் வெல்லம் போடுவதுகூட உன்னைப் போலத்தான். நான் குறை சொல்லவில்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். நானும் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசினேன். ஆனால் உன் புடவைகளை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. பிளாண்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிவப்பு டேக்கில் என் பெயரையும் தேதியையும் எழுதி உன் பீரோவில் மாட்டிவிட்டேன்.

அந்த டேக்கை அந்த அம்மா கழற்றினார்கள். மார்த்தாள், அனல்மின் நிலையத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து ஒருவர் மாட்டின டேக்கை இன்னொருவர் கழற்றி நான் பார்த்ததில்லை. பம்புக்குள் ஒரு ஆள் கையை விட்டிருப்பான். வெளியே ஒருவன் டேக்கை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? அதனால்தான் கத்தினேன். "வெளிய போங்க" என்றேன். கை ஓங்கவில்லை. அதை ஆரோனிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

ஆரோனுக்கு குஜராத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் சேர வேண்டும். ஆர்டரைக் காட்டினான். சந்தோஷமான விஷயம் என்று தெரிந்தது. சந்தோஷமாக இல்லை. வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம், என்னைத் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அவன் கவலைப்படுகிறான். "அம்மா வந்துடுவாடா" என்றேன். "வந்தா உள்ள வுடுவியாப்பா?" என்று கேட்டான். அது என்ன கேள்வி? இது உன் வீடு.

உடனே புறப்பட்டு வா.

கிறிஸ்துதாஸ்


மேல்பட்டாம்பாக்கம்,
19.6.1998

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். சுற்றி வளைத்து எழுதினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். நேராகவே எழுதுகிறேன்.

அந்த அம்மா நான்தான்.

பொங்கல் முடிந்த வாரம் பனிமூட்டத்தில் முதல் ஷிப்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரோடு விழுந்தீர்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தது நான். உங்களைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியில் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தது நான். கட்டுப் பிரித்த அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், எங்க வூட்டுக்காரம்மா எங்க?" என்று கேட்டீர்கள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். வார்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

டேக் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அந்த விதி தெரியும். உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். அதனால்தான் அந்தச் சிவப்பு அட்டை தொங்கியவரை கொடியில் கிடந்த மூன்று புடவைகளையே மாற்றி மாற்றித் துவைத்துக் கட்டினேன். ஆரோனும் அதைத் தொடவில்லை. ஒருநாள் உங்கள் ஷிப்டு கொளஞ்சிநாதன் காப்பி குடிக்க வந்தார். "தம்பி, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றேன். பீரோவைப் பார்த்தார், டேக்கைப் பார்த்தார். "அண்ணன் மாட்டினதாங்க? அப்ப அண்ணன்தான் கழட்டணும்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வேறு எந்த ஊரிலாவது ஒரு பெண் இதைச் சொன்னால் நம்புவார்களா? தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம் வந்தது. கிழிந்த புடவையோடு கோயிலில் போய் நிற்க மனம் வரவில்லை. கழற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் யார்மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை. வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் வரும்போது புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் நான் ஒன்று செய்வேன். "நல்ல மஞ்சளா ஒரு எலுமிச்சம்பழம். கத்தியால ரெண்டா அறுக்கிறேன். ஒரு மூடியை எடுத்து உங்க நாக்குமேல பிழியறேன்" என்பேன். பிள்ளைகள் எல்லோரும் எச்சில் விழுங்குவார்கள். "யாரு உங்களை எச்சில் ஊறச் சொன்னது? நிறுத்துங்க பார்க்கலாம்" என்பேன். ஒருவராலும் முடியாது. எச்சில் நம் உத்தரவைக் கேட்டு வருவதில்லை. பயமும் வெட்கமும் அப்படித்தான். பிரியமும் அப்படித்தான்போல, அதைப் பாடத்தில் நான் சொன்னதில்லை. என்னைப் பார்க்கும்போது உங்களுக்குள் தானாக ஊற வேண்டிய ஏதோ ஒன்று ஊறவில்லை. நீங்கள் அதை நிறுத்தவில்லை. உங்களால் நிறுத்தவும் முடியாது, ஊற வைக்கவும் முடியாது. பள்ளி ஆசிரியையாக இவ்வளவுதான் எனக்கு விளங்குகிறது.

வா என்கிறீர்கள். வந்தால் கேட்டில் நிற்கப்போவது அதே முகம்தான். ஆரோன் கேட்டதையே நானும் கேட்கிறேன். உள்ளே விடுவீர்களா?

இரவு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

மார்த்தாள்


நெய்வேலி,
27.6.1998

அன்புள்ள மார்த்தாளுக்கு,

கையெழுத்து உன்னுடையதுதான். 'ழ'வுக்கு வால் இழுப்பது வேறு யாருக்கும் வராது. அதனால் இது நீ எழுதியது என்று ஒப்புக்கொள்கிறேன். அதில் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதினாயா என்றுகூட நினைத்தேன். ஆரோனிடம் கேட்டதற்கு எழுந்து வெளியே போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை அவன் என்னை மறுபடியும் புதுச்சேரிக்கு அழைத்துப் போனான். இந்தத் தடவை நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்தார். சின்னப் பையன், மீசை இன்னும் சரியாக வரவில்லை. என் உள்ளங்கையில் இரண்டு கம்பியை ஒட்டி ஒரு பெட்டியில் இணைத்தார். மனசு அசைந்தால் கை லேசாக வியர்க்குமாம், நமக்கே தெரியாதாம், பெட்டியில் ஊசி நகருமாம். இதைக் கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தீர்கள் என்று கேட்டேன். "சார் இன்ஸ்ட்ருமெண்ட் டிபார்ட்மெண்ட்டா?" என்று சிரித்தார். பிறகு என் எதிரிலேயே சரிபார்த்துக் காட்டினார். நல்ல கருவிதான்.

முன்னால் போட்டோக்களை ஒவ்வொன்றாக வைத்தார். யாரோ ஒரு பஸ் கண்டக்டர் போட்டோ, ஊசி அசையவில்லை. ஒரு பாம்பு, ஊசி நகர்ந்தது. பிறகு உன் போட்டோ. நம் வெள்ளிவிழாவில் எடுத்தது. நீதான் என்று சொன்னேன். பெயர் சொன்னேன், புடவை எங்கே வாங்கியது என்றும் சொன்னேன். ஊசி பஸ் கண்டக்டருக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

பிறகு ஆரோன் கொண்டுவந்த கேசட்டைப் போட்டார். கிறிஸ்துமஸுக்கு நீ பாடியது. நடுவில் "ஆரோன், பூனையை வெளிய தள்ளுடா" என்று நீ அதட்டுவதும் அதில் பதிவாகியிருக்கிறது. ஊசி கடைசிவரைக்கும் போய்விட்டது. டாக்டர் ஸ்கேலை மாற்ற வேண்டியிருந்தது.

அவர் சொன்னது இது. கண்ணில் விழும் முகம் மூளைக்குள் இரண்டு வழியாகப் போகிறது. இது யார் என்று சொல்வது ஒரு வழி. இது என் ஆள் என்று நெஞ்சுக்குச் சொல்வது இன்னொரு வழி. விழுந்த அடியில் எனக்கு இரண்டாவது வழி அறுந்துவிட்டது. காது வழியாகப் போகும் கம்பி தனி, அது பிழைத்துக்கொண்டது. முகம் வருகிறது, நெஞ்சில் மணி அடிக்கவில்லை, ஆகவே ஆள் போலி என்று மூளை தானாக ஒரு ரிப்போர்ட் எழுதிக்கொள்கிறதாம். ஆரோனிடம் மட்டும் ஏன் அப்படி இல்லை என்று கேட்டேன். மிக நெருங்கின ஒருவரிடம்தான் இது பெரிதாகத் தெரியும், கண்டக்டரைப் பார்த்து யாருக்கும் மணி அடிக்கப்போவதில்லை என்றார்.

கருவியில் பழுதில்லை. அவர் சொன்னதிலும் எனக்குப் பழுது தெரியவில்லை. ஆனால் புரிந்துகொண்டதால் எதுவும் மாறவில்லை. வீட்டுக்கு வந்து ஆல்பத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் அந்த அம்மா இருக்கிறார்கள். நம் கல்யாணத்தில்கூட இருக்கிறார்கள்.

ஒரு வழி தோன்றுகிறது. நீ வா. வந்து சமையலறையில் இரு. நான் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நீ பேசு. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். நமக்கு இனி இந்த வயதில் பேச்சுதானே வேண்டும்?

கிறிஸ்துதாஸ்


மேல்பட்டாம்பாக்கம்,
3.7.1998

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கையும் படித்தாள். கூடத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன், அது என் தவறுதான். "குரலோட குடும்பம் நடத்தணுமாமா? அதுக்கு ஒரு டேப் ரெக்கார்டரை அனுப்பிடு, பஸ் செலவு மிச்சம்" என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபிறகு உட்கார்ந்துகொண்டேன். தங்கை வீட்டுக்காரர் ஜோஸ்வா மச்சானுக்கு வேறு எண்ணம். பெயர் பெற்ற ஊழியக்காரர் ஒருவர் கடலூருக்கு வருகிறாராம், உங்களை அழைத்துப் போய் ஜெபித்தால் 'அது' ஓடிவிடும் என்கிறார். "அது ஓடிடும்னா, அவரு தலைக்குள்ள கால் முளைச்சது எதுவும் இல்ல மச்சான், ஒரு கம்பி அறுந்திருக்கு" என்றேன். எவாஞ்சலின் மட்டும், ஜெபத்தையும் வேண்டாமென்று சொல்லாதே அக்கா என்றாள். சொல்லவில்லை. முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டும் போட்டு ஜெபமும் செய்கிறோம். இதற்குப் போட மாவுக்கட்டு இல்லையே என்பதுதான்.

நெருங்கின ஆளிடம்தான் குறை பெரிதாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். எடுத்துக்கொண்டேன். கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, கிள்ளிப் பார்த்தால் அடுத்தவர் கன்னத்தைக் கிள்ளுவதுபோல இருக்குமே, எனக்கு நாள் முழுவதும் அப்படி இருக்கிறது. நெல்லிக்குப்பம் ஆலையிலிருந்து காற்றில் கருப்பஞ்சாறு காயும் வாசனை வருகிறது. வாசனை என்று தெரிகிறது. தங்கை பேரனைத் தூக்கி மடியில் வைத்தார்கள், கனம் தெரிந்தது. எனக்குத் தலையில் அடி ஒன்றும் படவில்லை. காலையிலிருந்து இரவுவரை ஒருவர் கண்ணில் வேற்றாளாகவே இருந்தால் அதுவும் ஒரு அடிதானோ என்று நினைக்கிறேன். பாடப் புத்தகத்தில் இதற்குப் படம் போடவில்லை.

சரி, வருகிறேன். அடுத்த வியாழக்கிழமை. நீங்கள் சொன்னபடி பின்பக்கமாக வந்து சமையலறையில் இருக்கிறேன். ஆரோனிடம் சொல்லிக் கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

பிடிக்கும் என்பதால் பலாச்சுளை கொண்டு வருகிறேன்.

மார்த்தாள்


நெய்வேலி,
12.7.1998

அன்புள்ள மார்த்தாளுக்கு,

வியாழக்கிழமை நீ வந்தாய். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. "சுவருக்கு வெள்ளையடிக்கணும், பாக்குறீங்கள்ல?" என்றாய். அடக்க முடியாமல் சிரித்தேன். ஆரோன் ஓடிவந்து பார்த்தான், வலிப்பு வந்துவிட்டதோ என்று. நான் சிரித்து அவன் இந்த வருடம் பார்க்கவில்லையாம். பலாச்சுளையைக் கதவு இடுக்கு வழியாகத் தட்டில் நீட்டினாய். அவன் குஜராத்தில் எப்படிச் சமைத்துச் சாப்பிடுவான் என்று பேசினோம். என் முதல் சம்பளத்தில் நாம் பாய் வாங்கிய கதையைச் சொன்னாய். நெஞ்சுக்குள் கொதிகலன் பற்றிக்கொண்டதுபோல இருந்தது. நான் நானாக இருந்தேன்.

பிறகு அந்த அம்மா காப்பியோடு வந்தார்கள். அவர்கள் எப்போது வந்தார்கள், நீ ஏன் உள்ளே விட்டாய் என்று தெரியவில்லை. எனக்கு எதிரில் வந்து நின்றார்கள். "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. காப்பியை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு நீயும் பேசவில்லை. கூப்பிட்டேன். சொல்லாமலே போய்விட்டாய்.

ஆரோன் என்னைத் திட்டினான். "அம்மா வெளிய வந்து காப்பி குடுத்துகினு நின்னாங்கப்பா. ரெண்டு அம்மா எங்கப்பா இருக்காங்க?" என்றான். இரண்டு இல்லை என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டே, இரண்டாக இருக்கிறது.

ஏன் போனாய்?

கிறிஸ்துதாஸ்


மேல்பட்டாம்பாக்கம்,
17.7.1998

அன்புள்ள உங்களுக்கு,

நான் எங்கும் போகவில்லை. ஆற்றிய காப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் சிரிப்பைக் கேட்ட மயக்கத்தில் மறந்துவிட்டேன், அதுதான் நடந்தது. எப்போதும் செய்கிற காரியம். கால் தானாக நடந்துவிட்டது. இத்தனை வருடம் சமையலறையிலிருந்து கூடத்துக்குக் காப்பி கொண்டுவந்த கால் மூளையைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? நீங்கள் பாயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் முன்னால் வந்தேன். பாதி வாக்கியத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

விளக்கு அணைந்ததுபோல என்று எழுத வந்தது. அது சரியில்லை. அணைந்தால் இருட்டாகுமே. உங்கள் முகம் வெளிச்சமாகத்தான் இருந்தது, மரியாதையாக இருந்தது. பக்கத்து பிளாக்கிலிருந்து சந்தா வசூலிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது. "நீங்க எப்ப வந்தீங்க?" அதற்கு என்ன பதில் சொல்வது? கல்யாணமாகி வந்த தேதியையா?

ஆரோன் பஸ் நிலையம்வரை வந்தான். "திரும்ப கதவுக்குப் பின்னாடியே இருந்துடேம்மா. அவரு சிரிச்சாரும்மா" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்தேன். கதவுக்குப் பின்னால் இருந்து பார்க்கலாம். குழம்பு வைக்கலாம், பேசலாம், மாத்திரையை நீட்டலாம். ஆனால் உங்களுக்கு வலிப்பு வந்து விழுந்தால் குரல் வந்து தலையைப் பிடிக்குமா? உங்கள் தலையை யார் மடியில் எடுத்து வைப்பது? கைக்கும் மடிக்கும் முகம் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

அதனால் எழுதுகிறேன். இனி கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். போனிலும் பேச மாட்டேன். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் நீங்கள் என்மேல் பிரியமாக இருக்கிறீர்கள். போனை வைத்ததும் அந்தப் பிரியத்துக்கு நானே வெளியாளாகிவிடுகிறேன். அது எனக்குத் தாங்கவில்லை.

ஆரோன் ஆகஸ்ட் எட்டாம் தேதி ரயில் ஏறுகிறான். போகாமல் இருந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னான், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். இருபத்தாறு வயதில் கிடைத்த வேலையை விடச் சொல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் மிஷன் நடத்தும் விடுதி ஒன்று இருக்கிறதாம், நரம்பு நோயாளிகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம். மச்சான் விசாரித்து வைத்திருக்கிறார். உங்களை அங்கே அனுப்புவதா, வீட்டில் வைத்துக்கொள்வதா என்பதை நான் ஒருத்தியாக முடிவு செய்ய முடியாது.

என்மேல் பிரியம் வேண்டும் என்று கேட்கவில்லை. எச்சில் ஊறச் சொல்லிப் பிள்ளைகளை நான் அடித்ததில்லை. இந்த முகத்தோடு உள்ளே வர இடம் உண்டா என்று மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றாலும் எழுதிவிடுங்கள்.

மார்த்தாள்


நெய்வேலி,
30.7.1998

மேல்பட்டாம்பாக்கத்தில் எவாஞ்சலின் வீட்டில் இருக்கும் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னைத் தங்களுக்குத் தெரியும். தங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை மாதம் என் வீட்டில் சமைத்துப் போட்டவர்களின் பெயரைக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை என் மனைவிக்கு எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அவள் கேட்டிருக்கும் கேள்வி தங்களைப் பற்றியது. ஆகவே தங்களுக்கு எழுதுவதுதான் சரி என்று பட்டது.

எங்கள் கண்ட்ரோல் ரூமில் கொதிகலன் அழுத்தம் காட்ட ஒரு மீட்டர் இருக்கிறது. அதே அழுத்தத்தைக் காட்ட இன்னொரு மீட்டர் கொதிகலன் பக்கத்திலேயே இருக்கிறது. திடீரென்று உள்ளே இருக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டினால், புதிதாகச் சேர்ந்தவன் கொதிகலன் போய்விட்டது என்று கத்துவான். நாங்கள் கத்த மாட்டோம். போனை எடுத்து, அங்கே நிற்கிறவனிடம் உன் மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்போம். அவன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அவன் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வோம். எதிரில் பூஜ்யம் காட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஷிப்டை ஓட்டுவோம்.

என் நெஞ்சு பூஜ்யம் காட்டுகிறது. ஆரோனிடம் கேட்டேன். கொளஞ்சிநாதனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணே, சத்தியமா அண்ணிதான். உனக்கு சந்தேகம்னா என்னையே சந்தேகப்படு" என்றான். டாக்டருக்கு போன் செய்து கேட்டேன். பக்கத்தில் நின்று பார்க்கிற எல்லோருக்கும் ஒரே ரீடிங்தான். ஆகவே பழுது என் பக்கம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தங்களிடம் பொய் சொல்லக்கூடாது. ஒப்புக்கொண்டபிறகும் ஆல்பத்தைத் திறந்தேன். தாங்கள்தான் இருந்தீர்கள். இது சரியாகுமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது என்றார்.

விடுதிக்குப் போக எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மார்த்தாள் திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது. தாங்கள் வந்து இருக்க முடியுமா என்று கேட்கவே இந்தக் கடிதம். முன்பக்கக் கதவு வழியாகவே வாருங்கள். உள் அறையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். பீரோவில் இருக்கும் புடவைகளை மார்த்தாள் கட்டச் சொன்னதாக எடுத்துக்கொண்டு கட்டிக்கொள்ளலாம். தாங்கள் பேசும்போது நான் வேறு பக்கம் பார்த்தால் அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். அந்த நேரம் எனக்கு அவள் குரல் கேட்கும்.

நான் சில சமயம் அவள் எப்போது வருவாள் என்று தங்களிடமே கேட்பேன். அதற்கு மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
கி. கிறிஸ்துதாஸ்


மேல்பட்டாம்பாக்கம்,
3.8.1998

ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாசலிலேயே நின்று படித்தேன். தங்கை என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வேலைக்கு ஆள் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றேன். நீ இப்போதுதானே வேலையை விட்டாய் என்றாள்.

தங்கள் வீட்டில் இருக்கச் சம்மதம். வியாழக்கிழமை மதியம் வருகிறேன். தம்பி ஆரோன் இரண்டு நாள் கழித்துத்தான் புறப்படுகிறார், அதற்குள் மாத்திரை விவரமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். கூடத்தில் தங்களுக்குக் காற்று வராது. தாங்கள் உள் அறையிலேயே படுங்கள், எனக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். நான் பேசும்போது தாங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் தங்களைப் பார்த்துக்கொள்வேன்.

தங்கள் மனைவி எப்போது வருவார்கள் என்று எனக்கும் தெரியாது. தாங்கள் கேட்கும்போதெல்லாம், வந்துவிடுவார்கள் என்று சொல்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்கிறேன். பாடம் சொல்லிப் பழகியவள், ஒரே பதிலைத் திரும்பச் சொல்வது எனக்குச் சலிக்காது.

பெயர் கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களில் இந்தப் பெயர் நிறையப் பேருக்கு உண்டு, அதனால் தாங்கள் குழம்ப வேண்டாம். என் பெயரும் மார்த்தாள்தான்.